ஜாமீன் கையெழுத்து, கூட்டுக் கடன், விபத்து நஷ்டஈடு: யார் எவ்வளவு கட்டணும்? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் வக்கீல் இல்லைங்க. திருச்சியில ஒரு வக்கீல் ஆபீஸ்ல 11 வருஷமா டைப்பிங்கும் ஃபைலிங்கும் பாக்குறேன். வாரத்துக்கு ரெண்டு பேராவது கையில நோட்டீஸோட வந்து உட்கார்ந்து "நான் சும்மா சாட்சிக்குத்தான்மா கையெழுத்து போட்டேன்"னு ஆரம்பிப்பாங்க. அதைக் கேட்டதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடும். 1998ல கூட வேலை பாத்த ஒருத்தருக்கு சொசைட்டி கடனுக்கு அப்பா ஜாமீன் போட்டார். அந்த ஃபாரத்துல எங்கெங்க கையெழுத்து வேணுமோ அங்கெல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சிருந்தாங்களாம், அப்பா அந்தக் குறிகளை மட்டும் பாத்து கையெழுத்து போட்டுட்டு வந்துட்டார், மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிக்கவே இல்ல. கடன் வாங்கினவர் வேலையை விட்டுட்டு ஊரை விட்டும் போனப்புறம் 26 மாசம் அப்பா சம்பளத்துல பிடிச்சாங்க. நான் பிளஸ் டூ படிச்ச வருஷமும் அதுக்குள்ளதான் வந்தது.

அதனால வர்றவங்க என்னென்ன கேக்குறாங்களோ, எங்க சீனியர் அவங்களுக்கு என்ன சொல்றாரோ, சட்டத்துல என்ன இருக்கோ, அதை எனக்குத் தெரிஞ்ச பாஷையில இங்க எழுதுறேன். இந்தியாவுல இருக்குற சட்டத்தை வச்சு எழுதுறது. கோர்ட்டுல ஆளை வெளிய எடுக்க போடுற பெயில் ஜாமீன் வேற விஷயம், அதை இதோட சேத்துக் குழப்பிக்க வேணாம்.

பத்திரத்துல "கூட்டாகவும் தனித்தனியாகவும் கட்டுப்பட்டவர்கள்"னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?

இந்த மூணு வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. மூணு பேர் சேர்ந்து 3 லட்சம் வாங்குறீங்க, ஆளுக்கு 1 லட்சம்னு உங்களுக்குள்ள பேசிக்கிட்டீங்க. அது உங்க மூணு பேருக்குள்ள இருக்குற கணக்கு. கடன் கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு கிடையாது, அவர் மூணு பேர்ல யாரை வேணும்னாலும் பிடிச்சு முழு 3 லட்சத்தையும் கேக்கலாம். யார்கிட்ட நிலையான சம்பளம் இருக்கோ, யார் பேர்ல வீடு இருக்கோ, அவங்ககிட்டதான் முதல்ல வருவாங்க. ஓடிப்போனவரைத் தேடிக்கிட்டு யாரும் அலைய மாட்டாங்க.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவு இதைத்தான் சொல்லுது. கட்டினவர் மத்தவங்ககிட்ட அவங்கவங்க பங்கைத் திருப்பிக் கேக்கலாம்னும் அதே பிரிவுல இருக்கு. சட்டப் புத்தகத்துலயே ஒரு உதாரணக் கணக்கு இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது: மூணு பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தரணும். மூணாவது ஆள்கிட்ட முழுசையும் வாங்கிட்டாங்க. முதல் ஆள் திவால், அவர் சொத்துல அவர் கடன்ல பாதிக்குத்தான் வழி இருக்கு, அதனால அவர் பங்கு 1,000த்துல 500தான் வரும். மிச்சம் இருக்குற 500 ரூபாய் நஷ்டத்தை மத்த ரெண்டு பேரும் 250, 250ன்னு ஏத்துக்கணும். ஆக கட்டினவருக்கு திவாலானவர் சொத்துல இருந்து 500, ரெண்டாவது ஆள்கிட்ட இருந்து 1,250. 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு.

கடன் வாங்கினவன் காரும் வீடுமா நல்லாத்தான் இருக்கான். பேங்க் முதல்ல அவன்கிட்டதானே போகணும்?

அப்படி ஒரு கட்டாயம் இல்லைங்க. நியாயமா இல்லைன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதே ஒப்பந்தச் சட்டத்தோட 128ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, கடன்காரரோட, அதாவது கடன் வாங்கினவரோட, பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரோட பொறுப்பும் அவ்வளவு, பத்திரத்துல வேற மாதிரி எழுதியிருந்தா மட்டும்தான் மாறும். பேங்க் ஆஃப் பிகார் எதிர் தாமோதர் பிரசாத்னு ஒரு வழக்கு, அதுல கீழ்க்கோர்ட் "முதல்ல கடன்காரர்கிட்ட எல்லா வழியிலயும் முயற்சி பண்ணிட்டு அப்புறம் ஜாமீன்தாரர்கிட்ட போங்க"ன்னு நிபந்தனை போட்டிருந்தது. 1968ல சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனையை எடுத்துடுச்சு. ஜாமீன் வாங்குறதே உடனே பணம் வரணும்னுதான், அதைத் தள்ளிப் போடச் சொன்னா ஜாமீன் எதுக்குன்னு கேட்டது. இன்னைக்கும் பேங்க் வக்கீல்கள் முதல்ல எடுத்துப் போடுறது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கேக்கலாம்: "என் பொறுப்பு 2 லட்சம் வரைக்கும்தான்"னு பத்திரத்துலயே ஒரு உச்சவரம்பு எழுதச் சொல்லலாம். பேங்க் ஒத்துக்குமா இல்லையாங்கறது அப்புறம். கேட்டுப் பாத்தவங்களை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

சாட்சி கையெழுத்து, ஜாமீன் கையெழுத்து, கோ-அப்ளிகன்ட் மூணுக்கும் என்ன வித்தியாசம்?

சாட்சின்னா "இவர் என் கண் முன்னாடி கையெழுத்து போட்டார்"னு சொல்றவர், அவ்வளவுதான், பணப் பொறுப்பு எதுவும் கிடையாது. ஜாமீன்தாரர்னா கடன் வாங்கினவர் கட்டலைன்னா நான் கட்டுறேன்னு எழுதிக் கொடுக்குறவர். கோ-அப்ளிகன்ட்னா அவரே கடன்காரர், பணம் அவர் கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்கலைன்னாலும் சரி. பிள்ளையோட படிப்புக் கடனுக்கு கையெழுத்து போடுற அப்பா அம்மா பெரும்பாலும் இந்த மூணாவது வகைதான், அவங்க தங்களை ஜாமீன்னு நினைச்சுட்டு இருப்பாங்க.

கையெழுத்துக்கு மேல என்ன வார்த்தை அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. "சாட்சி"ன்னு இருந்தா சாட்சி. "ஜாமீன்தாரர்", "பிணையாளர்", "கேரண்டர்", "ஷூரிட்டி" இதுல எது இருந்தாலும் பொறுப்பு உங்களோடது. சம்பள சர்டிபிகேட்டும் பான் கார்டு ஜெராக்ஸும் கேக்குறாங்கன்னா அது சாட்சிக்கு இல்லைன்னு அப்பவே புரிஞ்சுக்கோங்க, சாட்சிகிட்ட யாரும் சம்பளம் எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்க.

ரெண்டு பேர் ஜாமீன் போட்டோம். நான் பாதி கட்டிட்டு ஒதுங்கிக்கலாமா?

பேங்கைப் பொறுத்தவரைக்கும் முடியாது, மிச்சப் பாதிக்கும் உங்களைக் கேக்கலாம். ஆனா உங்க ரெண்டு பேருக்குள்ள 146ஆம் பிரிவுப்படி சரிபாதிதான். நீங்க உங்க பங்குக்கு மேல கட்டினதை இன்னொரு ஜாமீன்தாரர்கிட்ட கேட்டு வாங்கலாம். ஆளுக்கு வேற வேற தொகைக்கு ஜாமீன் போட்டிருந்தா 147ஆம் பிரிவு, அப்பவும் சமமாத்தான் பிரியும், ஆனா அவங்கவங்க எழுதிக் கொடுத்த தொகையைத் தாண்டாது.

இன்னொரு ஜாமீன்தாரரை பேங்க் "நீ போ"ன்னு விட்டுட்டா நம்மளையும் விட்டுட்ட மாதிரின்னு சிலர் நினைக்கிறாங்க. 138ஆம் பிரிவு அப்படி இல்லைன்னு தெளிவா சொல்லுது. பேங்க் அவரை விட்டாலும் அவர் உங்களுக்குத் தர வேண்டிய பங்கை நீங்க கேக்குற உரிமையும் போகாது.

கடன் கட்டி முடிக்கிறதுக்குள்ள என் ஜாமீனை வாபஸ் வாங்க முடியுமா?

ஒரே தடவையா கொடுத்து முடிச்ச கடன்னா முடியாது, பேங்க் சம்மதிச்சு உங்களுக்குப் பதிலா வேற ஆளை ஏத்துக்கிட்டா உண்டு. ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் மாதிரி தொடர்ந்து எடுத்துக்கிட்டே இருக்குற கணக்குன்னா 130ஆம் பிரிவுப்படி எழுத்துல நோட்டீஸ் கொடுத்து, இனிமே எடுக்கப் போறதுக்கு நான் பொறுப்பில்லைன்னு நிறுத்தலாம். அதுவரைக்கும் எடுத்தது உங்க தலைமேலதான். பதிவுத் தபால்ல ஒப்புதல் அட்டையோட அனுப்புங்க, போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது.

எனக்குச் சொல்லாமலே வட்டியை ஏத்தி, தவணையை மாத்தி, என்னென்னமோ பண்ணிட்டாங்க. அப்பவும் நான் கட்டணுமா?

இங்கதான் ஜாமீன்தாரருக்கு சட்டம் நிறைய கொடுத்திருக்கு, நம்ம ஆளுங்க யாரும் இதைக் கேக்காமலே கட்டிட்டுப் போறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கும்.

133: பேங்கும் கடன்காரரும் உங்க சம்மதம் இல்லாம ஒப்பந்தத்தை மாத்தினா, அந்த மாத்தத்துக்குப் பிறகு நடக்குறதுக்கு நீங்க பொறுப்பில்ல. 134: கடன்காரரையே விடுவிச்சுட்டா நீங்களும் விடுபட்டீங்க. 135: கடன்காரரோட தனியா சமாதானம் பேசியோ, கூடுதல் டைம் தர்றேன்னு ஒப்பந்தம் போட்டோ, வழக்கு போட மாட்டேன்னு எழுதிக் கொடுத்தோ இருந்தா, உங்க சம்மதம் இல்லைன்னா நீங்க விடுபடுறீங்க. ஆனா சும்மா கேஸ் போடாம காத்துக்கிட்டு இருந்தாங்கங்கறதை மட்டும் வச்சு தப்பிக்க முடியாது, அது 137.

அப்புறம் 141. கடனுக்கு அடமானமா வண்டி, நகை, சரக்கு ஏதாவது இருந்து அதை பேங்க் தொலைச்சுட்டாலோ உங்களைக் கேக்காம திருப்பிக் கொடுத்துட்டாலோ, அந்த மதிப்பு வரைக்கும் உங்க பொறுப்பு குறையும். 1980ல ஸ்டேட் பேங்க் ஆஃப் சௌராஷ்டிரா வழக்குல அடமானச் சரக்கு பேங்கோட கவனக்குறைவால காணாமப் போச்சு, அந்த அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபட்டார்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதனால நோட்டீஸ் வந்ததும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "அடமானம் என்ன ஆச்சு, எவ்வளவுக்கு வித்தீங்க?"

ஆனா ஒரு கஷ்டம் இருக்கு. இப்போ வர்ற அச்சடிச்ச ஃபாரங்கள்ல "எனக்குத் தெரிவிக்காமல் நிபந்தனைகளை மாற்றினாலும் நான் கட்டுப்பட்டவன்"னு முன்கூட்டியே சம்மதம் வாங்கிடுறாங்க. அப்படி ஒரு பாரா இருந்தா வாதாடுறது கஷ்டமாயிடும், முடியவே முடியாதுன்னு இல்ல. அதனாலதான் பத்திரத்தோட காப்பி உங்ககிட்ட இருக்கணும். இல்லைன்னா பேங்க்ல எழுதிக் கொடுத்துக் கேளுங்க.

என் சம்பளத்தை முழுசா பிடிச்சுடுவாங்களா? பி.எஃப். பணத்தையும் எடுத்துடுவாங்களா?

கோர்ட்ல டிகிரி (பணம் கட்டச் சொல்ற தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேத்தச் சொல்லி இ.பி.ங்கற மனு போட்டு, சம்பளத்தை அட்டாச் (ஜப்தி) பண்ணினா ஒரு எல்லை இருக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு. முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது, மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கையும் தொடக் கூடாது. விலக்கு கொடுத்த படிகளைக் கழிச்சப்புறம் மாசம் 31,000 வருதுன்னு வச்சுக்கோங்க, 1,000 போக 30,000, அதுல 20,000 உங்களோடது, 10,000தான் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாசம் பிடிச்சாச்சுன்னா அந்த டிகிரிக்கு அப்புறம் சம்பளத்துல கை வைக்கவே முடியாது. வேற சொத்து இருந்தா அதுக்குப் போகலாம், சம்பளத்தை முடியாது.

பி.எஃப்., கிராஜுவிட்டி, அரசு பென்ஷன் இதெல்லாம் ஜப்தியில வராது. பேங்க் ஆளுங்க வந்து "உங்க பி.எஃப்.ஐ முடக்கிடுவோம்"னு மிரட்டினா பயப்படாதீங்க.

அப்போ எங்கப்பாவுக்கு எப்படி 26 மாசம் பிடிச்சாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். இந்த வேலைக்கு வந்தப்புறம் வீட்டு டிரங்குப் பெட்டியில இருந்து அந்த ஃபாரத்தோட காப்பியை எடுத்துப் பாத்தேன். அது கோர்ட் அட்டாச்மென்ட்டே கிடையாது. மூணாவது பக்கத்துல "என் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்"னு ஒரு பாரா, ஓரத்துல மங்கிப்போன பென்சில் பெருக்கல் குறி, பக்கத்துல அப்பா கையெழுத்து. நாமளே எழுதிக் கொடுத்த சம்மதத்துக்கு 60ஆம் பிரிவோட எல்லை வந்து உதவாது. சொசைட்டி கடனுக்கு ஜாமீன் போடுறவங்க அந்தப் பாராவைத் தேடிப் படிச்சுட்டுப் போடுங்க.

வீட்டை ஏலம் விட்டுடுவாங்களா?

வீட்டை அடமானம் வச்சிருந்தா பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே சர்ஃபாசி சட்டத்துல, அது 2002ல வந்தது, நேரா நடவடிக்கை எடுக்கலாம். முதல்ல 60 நாள் டைம் கொடுத்து 13(2) நோட்டீஸ் வரும். அதுக்கு நீங்க எழுத்துல ஆட்சேபம் அனுப்பலாம், அனுப்பணும். அப்பவும் கட்டலைன்னா சொத்தை சுவாதீனம் எடுப்பாங்க, அதை எதிர்த்து 45 நாளுக்குள்ள டி.ஆர்.டி.யில (கடன் வசூல் தீர்ப்பாயம்) மனு போடலாம். நம்ம மாநிலத்துல டி.ஆர்.டி. சென்னை, கோயம்புத்தூர், மதுரையில இருக்கு. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்துல எடுக்க முடியாது, பாக்கி 1 லட்சத்துக்குக் கீழ இருந்தாலும் இந்த வழியில வர முடியாது.

வீட்டை அடமானம் வைக்காம வெறும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தா சர்ஃபாசி உங்க வீட்டுக்கு வராது. கேஸ் போட்டு டிகிரி வாங்கித்தான் வர முடியும். அதனால நோட்டீஸ் வந்தா எந்தச் சட்டத்துல வந்திருக்குன்னு முதல் பாராவைப் படிங்க. கெடு நாளுக்கு அப்புறம் எடுத்துட்டு வர்றவங்களுக்கு எங்க சீனியராலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியறதில்ல.

என் வீட்டுக்காரர் எங்கெங்கயோ கடன் வாங்கி வச்சிருக்கார். நான் கட்டணுமா?

நீங்க கையெழுத்து போடலைன்னா உங்க சம்பளம், உங்க நகை, உங்க பேர்ல இருக்குற சொத்து எதுக்கும் அவங்க வர முடியாது. பொண்டாட்டிங்கற ஒரே காரணத்துக்காகக் கடன் பொறுப்பு வராது. வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போடுறவங்ககிட்ட இதைச் சொல்லுங்கம்மா. அவங்க நீட்டுற வெள்ளைப் பேப்பர்லயோ புரோநோட்டுலயோ "சும்மா ஒரு கையெழுத்து"ன்னு கேட்டா போட்டுடாதீங்க, இல்லாத பொறுப்பு அந்த நிமிஷத்துல இருந்து வந்துடும்.

அவர் இறந்துட்டார்னா, அவர் விட்டுட்டுப் போன சொத்து உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. சொத்தே வரலைன்னா பொறுப்பும் இல்ல. அப்பன் கடனை மகன் அடைக்கிறது தர்மம்னு பழைய இந்து சட்டத்துல இருந்தது, அதை வச்சு மகன், பேரன் மேல கோர்ட்டுக்குப் போவாங்க. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 2005 திருத்தம் வந்தப்புறம் வாங்கின கடனுக்கு அந்தக் காரணத்தை மட்டும் வச்சு கேஸ் போட முடியாது. மனசுக்காக கட்டுறவங்க கட்டலாம், அது வேற.

ஜாமீன்தாரரே இறந்துட்டாலும் இதே கதைதான், அவர் சொத்து வரைக்கும் பொறுப்பு தொடரும்.

மகளிர் குழுவுல ஒருத்தி கட்டலைன்னா எல்லாரும் சேர்ந்து கட்டணும்னு மீட்டிங்ல உட்கார வச்சுடுறாங்களே?

இதைக் கேட்டு வர்ற அக்காங்கதான் இப்போ அதிகம். ரெண்டு வகை இருக்கு. பேங்க்ல சுயஉதவிக் குழுவுக்குக் கொடுக்குற கடன் குழு பேர்லயே வரும், உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்புன்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க. மைக்ரோ ஃபைனான்ஸ்ல அஞ்சு பேர், பத்து பேர்னு சேத்து ஆளுக்கு ஒரு கடன் கொடுத்து, ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன்னு எழுதி வாங்குவாங்க. எழுதிக் கொடுத்திருந்தா பொறுப்பு உண்டு. எழுதாம மீட்டிங்ல வாய்ப்பேச்சா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிடாதீங்க, உங்க கார்டையும் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி யாரையாவது படிக்கச் சொல்லுங்க.

பொறுப்பு இருந்தாலும் அவமானப்படுத்துறதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. ரிசர்வ் பேங்க் 2022ல மைக்ரோ ஃபைனான்ஸுக்குன்னு போட்ட விதிப்படி காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாது. வசூல் ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு குறிச்ச இடத்துல நடக்கணும், தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ நீங்க அங்க வரலைன்னாதான் வீட்டுக்கோ வேலை செய்யுற இடத்துக்கோ வரலாம். சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்களை மிரட்டுறதும் தப்பு. 2025ல நம்ம சட்டசபையிலயும் கட்டாய வசூலுக்கு எதிரா ஒரு சட்டம் நிறைவேறியிருக்கு. கட்ட முடியாத அந்த ஒருத்தியும் நம்ம தெருப் பொண்ணுதான், அவளை நடு வாசல்ல நிக்க வைக்கிற வேலையை குழுவுல இருக்குறவங்க தலையில கட்டுறதை ஒத்துக்காதீங்க.

நண்பனோட சேர்ந்து கடை போட்டேன், அப்புறம் விலகிட்டேன். பழைய பாக்கிக்கு என்னை ஏன் கூப்பிடுறாங்க?

1932 கூட்டாண்மைச் சட்டம், 25ஆம் பிரிவு. பார்ட்னரா இருந்த காலத்துல ஃபர்ம் பண்ணின எல்லாக் கடனுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் முழுசா பொறுப்பு, உங்க முதலீடு 10 சதவீதம்தான்னாலும் சரி. விலகினதால பழைய கடன் போகாது. புதுக் கடன்கூட வரும், நீங்க விலகினதைப் பொது அறிவிப்பா கொடுக்கலைன்னா. பதிவான ஃபர்ம்னா ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸுக்குத் தெரிவிக்கணும், அரசிதழ்ல வரணும், அந்த ஊர்ல ஓடுற ஒரு தமிழ்ப் பேப்பர்லயும் விளம்பரம் வரணும். டீக்கடையில உட்கார்ந்து "நான் விலகிக்கிறேன்டா"ன்னு கை குலுக்கிட்டு வந்தவங்க ஆறு வருஷம் கழிச்சு சம்மனோட வர்றதை நான் பாத்திருக்கேன்.

ரெண்டு பஸ் மோதி எனக்கு கால் போச்சு. ஒருத்தர் மேல ஒருத்தர் தப்பு சொல்றாங்க. நான் யார்கிட்ட நஷ்டஈடு கேக்குறது?

ரெண்டுல யார்கிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம். பயணி நீங்க, உங்க மேல தப்பே இல்ல, ரெண்டு டிரைவரோட அஜாக்கிரதையும் சேந்துதான் உங்களுக்கு அடி. கெனேயி எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்குல 2015ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிடுச்சு: இந்த மாதிரி விபத்துல ரெண்டு தரப்பும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அடிபட்டவர் ஒருத்தர்கிட்ட முழுத் தொகையும் வாங்கிக்கலாம், அவங்களுக்குள்ள 60க்கு 40ஆ 70க்கு 30ஆங்கறதை அவங்க பாத்துக்கட்டும். ஜாமீன்தாரரை வாட்டுற அதே விதிதான் இங்க அடிபட்டவரைக் காப்பாத்துது.

உங்க மேலயும் பாதித் தப்பு இருந்தா, அதாவது நீங்களே வண்டி ஓட்டிட்டு வந்து மோதியிருந்தா, உங்க பங்கு சதவீதத்தைக் கழிச்சுட்டுத்தான் தருவாங்க. பயணியா இருந்தவருக்கு அந்தக் கழிவைப் போட்டா வக்கீல்கிட்ட சொல்லி ஆட்சேபம் பண்ணுங்க. எம்.சி.ஓ.பி.ங்கற விபத்து நஷ்டஈடு மனுவை விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள போட்டுடுங்க.

வண்டியை வித்து ரெண்டு வருஷமாச்சு, இப்போ விபத்துன்னு எனக்கு சம்மன் வந்திருக்கு?

ஆர்.சி. புக்ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். 2018ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல வண்டி பல கை மாறியிருந்தது, ஆனா ஆர்.சி.யில பேர் மாறல, பேர் இருந்தவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பு. வித்த 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. "வாங்கினவர் மாத்திக்குவார்"னு ஃபாரம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து அனுப்பிடாதீங்க, பேர் மாறுச்சான்னு பாத்துட்டு நிம்மதியா இருங்க.

லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டியிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கட்டிட்டு ஓனர்கிட்ட திருப்பி வசூல் பண்ணும்படி கோர்ட் சொல்லலாம். 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டினா அது இன்னும் மோசம், 2019 திருத்தத்துல வந்த 199ஏ பிரிவுப்படி பெற்றவருக்கோ ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து.

ஜாமீனுக்காக செக் கொடுத்திருந்தேன், போட்டுட்டாங்க, பவுன்ஸ் ஆயிடுச்சு.

ஜாமீன்தாரர் கொடுத்த செக்குக்கும் 138 கேஸ் வரும் (இது செக் பவுன்ஸுக்கான வேற சட்டத்தோட 138, மேல சொன்ன ஒப்பந்தச் சட்டத்தோட 138 இல்ல), 2002ல பீனா ஷபீர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது. நோட்டீஸ் கையில கிடைச்ச நாள்ல இருந்து 15 நாள்தான் டைம், அதுக்குள்ள கட்டுங்க, இல்லைன்னா வக்கீலைப் பாத்து பதிலாவது அனுப்புங்க. ஜாயின்ட் அக்கவுன்ட் செக்குன்னா கையெழுத்து போட்டவர் மேல மட்டும்தான் கேஸ், கூட பேர் இருக்குற மனைவி மேல வராது.

எல்லாத்தையும் நானே கட்டி முடிச்சுட்டேன். இனிமே ஏதாவது வழி இருக்கா?

இருக்கு, இதைத்தான் எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல.

கட்டின நிமிஷத்துல இருந்து ஒப்பந்தச் சட்டம் 140ஆம் பிரிவுப்படி பேங்க் இருந்த இடத்துக்கு நீங்க வந்துடுறீங்க. பேங்குக்கு கடன்காரர் மேல என்னென்ன உரிமை இருந்துச்சோ அது எல்லாம் இப்போ உங்களுக்கு. அடமானம் இருந்தா அதைக் கேட்டு வாங்கலாம். 145ஆம் பிரிவுப்படி நீங்க நியாயமா கட்டின தொகையை கடன்காரர் உங்களுக்குத் தர வேண்டியவர், தனியா எழுதி வாங்கியிருக்கணும்னுகூட இல்ல.

ஆனா 3 வருஷம்தான் கெடு. கடன்காரர் மேலன்னா நீங்க பேங்குக்குக் கட்டின நாள்ல இருந்து, இன்னொரு ஜாமீன்தாரர் மேலன்னா உங்க பங்குக்கு மேல கட்டின நாள்ல இருந்து. எங்கப்பா கடைசிப் பிடித்தம் முடிஞ்சதும் "போனது போகட்டும்"னு விட்டுட்டார், அந்த மனுஷன் திரும்ப ஊருக்கு வந்து வீடு கட்டினப்போ அந்த மூணு வருஷம் எப்பவோ தாண்டிப் போயிருந்தது.

அதனால கட்டி முடிச்ச வாரத்துலயே இதெல்லாம் வாங்கி ஒரு ஃபைல்ல போட்டுடுங்க: ஜாமீன்தாரர் இவர் இவ்வளவு கட்டினார்னு உங்க பேர் போட்ட ரசீது, வெறும் கடன் நம்பர் மட்டும் இருக்குற ரசீதா இருந்தா மாத்தித் தரச் சொல்லுங்க. நோ டியூ சர்டிபிகேட். கடன் பத்திரம், ஜாமீன் பத்திரம் ரெண்டோட காப்பி. கணக்கு ஸ்டேட்மென்ட். சம்பளத்துல பிடிச்சிருந்தா ஒவ்வொரு மாச ஸ்லிப்பும். ஒரு மாசம் கழிச்சு உங்க சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, ஜாமீன் போட்ட கடனும் உங்க ரிப்போர்ட்ல வரும், முடிஞ்ச கடன் இன்னும் பாக்கின்னு காட்டினா திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. அப்புறம் கடன்காரருக்கு வக்கீல் நோட்டீஸ். வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லைன்னா கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் நம்பர் 15100, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் தருவாங்க. போகும்போது அந்த ஃபைலைக் கையோட எடுத்துட்டுப் போங்க.